மணியடிச்சான் கோவாலிக்

— பேசக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு டோலன் சார்? பேஸ்பால்ல கேட்சர்னா பிளேட்டுக்குப் பின்னால குந்தி உக்காந்து பந்தப் புடிக்கணும், மட்டையோட நிக்கறவன் காதுல ஓதணும். ரெண்டும் என் வேலதான்.

— ஓது, வேணாங்கல. அம்பயர் காது வரைக்கும் வராம ஓது. ஆட்டத்தப் பாரு லெனி.

— விடு எமெட், பேசட்டும். இத்தன வருஷமா எவனாவது ஒருத்தன் என் முட்டிகிட்ட உக்காந்து பேசிட்டுத்தான் இருக்கான். பேச்சு இல்லன்னா எனக்குக் கை ஓடாது.

— கேட்டீங்களா? அகி கோவாலிக் பெரியவரே பர்மிஷன் குடுத்துட்டாரு. ஏன் பெரியவரே, ஊரே திரண்டு வந்திருக்கே! பேண்டு வாத்தியம், மேயரு, மேயரு பொண்டாட்டி தொப்பி... இது கல்யாணமா, கருமாதியா?

— ரெண்டுந்தான் தம்பி. இன்னியோட மட்டையக் கீழ வெக்கறேன்.

— அதுக்கு நான் ஒத்தாசை பண்றேன். கடைசி இன்னிங்ஸ், ரெண்டு பேரு அவுட்டு, எங்க ஹார்வின் ஒரு ரன்னு முன்னால. உங்க ஆளு ஒருத்தன் ரெண்டாவது பேஸ்ல நின்னு மூக்கச் சொறியறான். நீங்க அவுட்டான அந்த நிமிஷமே நாங்க ஜெயிச்சுட்டு பஸ் ஏறிருவோம்.

— வேலிக்கு வெளிய ஒண்ணு போச்சுன்னா?

— ரெண்டு ரன்னு வந்து உங்க பிளாக்ஃபோர்க் ஜெயிச்சுரும். ஆனா போகாது. நான் போக விடமாட்டேன்.

— அடேங்கப்பா. இருக்கட்டும், இருக்கட்டும். பந்து வருது பாரு.

— வெளிப்பந்து! ஒண்ணு.

— டேய் பக்! பந்த பிளேட்டுக்குப் போடுடா, பக்கத்து ஊருக்குப் போடாத! அவரும் நம்மள மாதிரி சோறு திங்கற மனுசன்தான்! பாத்தீங்களா பெரியவரே, பந்து போடற எங்க பையன் மிரண்டுட்டான். உங்க மூஞ்சப் பாத்து இல்ல, உங்க கதையக் கேட்டுக் கேட்டு.

— எந்தக் கதைய?

— ஒண்ணா ரெண்டா? நீங்க அடிச்ச பந்து மாதா கோயில் மணியில பட்டு மணி அடிச்சுதாம். மணி பள்ளம் விழுந்துபோச்சாம். அப்புறம் அந்தப் பந்து கரி ரயில்ல விழுந்து சிகாகோ வரைக்கும் போச்சாம்.

— நான் கேள்விப்பட்டது பிட்ஸ்பர்க்தான். சிகாகோ ரொம்ப தூரமாச்சே.

— சிரிங்க, சிரிங்க. உங்களுக்கு சிரிப்பு வரும்.

— தம்பி, உங்க மேனேஜர் அங்க தொப்பியத் தடவித் தடவி தேய்ச்சுட்டிருக்காரு. நாலும் வெளிப்பந்தாப் போட்டு என்ன சும்மா முதல் பேஸுக்கு அனுப்பிருன்னு சொல்றாரு. அனுப்பிரேன். யாருக்கும் வம்பில்ல.

— அவருக்குத் தல அரிக்குது, சொறியறாரு. நான் ஒண்ணும் பாக்கல.

— லெனி, மேனேஜர் சொல்லக் கேளுடா.

— நீங்க அம்பயர் சார். எங்க மேனேஜருக்கு வக்கீல் இல்ல. பக்! நேரா போடு! நடுவுல!

— ஸ்ட்ரைக்! ஒண்ணு.

— அப்படிப் போடுறா ராஜா! என்ன பெரியவரே, மட்டைய அசைக்கவே இல்ல? தூங்கிட்டீங்களா?

— நல்ல பந்து. ரசிச்சுட்டிருந்தேன். ஆமா, அந்தப் பலகைங்க மேல உக்காந்திருக்கற பசங்க உன்னப் பாத்து ஏன் "டிங் டாங், டிங் டாங்"னு கத்தறாங்க? மணியடிச்சது நானு. என்னப் பாத்துல்ல கத்தணும்?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க.

— தெரியாமத்தான் கேக்கறேன்.

— என் பேரு லெனி ஃபுஸ்கோ.

— ...சால் ஃபுஸ்கோ மகனா?

— ஆமா. அந்தப் பந்தப் போட்டவரு மகன். உங்க பேரு மணியடிச்சான், எங்கப்பா பேரு டிங் டாங். ஒரே நாள்ல ரெண்டு பேருக்கும் பேரு வெச்சாங்க. உங்களப் பெரிய டீம்காரன் வந்து கூட்டிட்டுப் போனான். எங்கப்பா சுரங்கத்துக்குள்ள இறங்கினாரு. அப்புறம் ஒரு நாள்கூட பந்தத் தொடல.

— ரெண்டு பேரும் ஆட்டத்தப் பாருங்க. பந்து வருது.

— ஹா! அடிச்சுட்டு... ஐயோ, டோலன் சார்! டோலன் சார்!

— எமெட்! எமெட், மாஸ்க்கக் கழட்டு. எங்க பட்டுச்சு?

— ஒண்ணும் இல்ல அகி. மட்டையில உரசி வந்து மாஸ்க்குல பட்டுச்சு. கம்பி உள்ள அழுந்திருச்சு. அவ்வளவுதான்.

— கண்ணு வீங்குது சார். ரெண்டு கண்ணுலயும் தண்ணியா கொட்டுது. வேற யாரையாவது நிக்கச் சொல்லுங்க.

— வேற யாரு இருக்கா? இது சுரங்கக்காரன் லீக்கு. ஒத்த அம்பயர். இருபத்தஞ்சு வருஷமா இந்த மைதானத்துல நான்தான். ஸ்ட்ரைக், ரெண்டு. ஒரு வெளிப்பந்து. போய் உக்காரு.

— கொஞ்சம் மூச்சு வாங்கு எமெட்.

— மூச்செல்லாம் வீட்டுக்குப் போய் வாங்கிக்கறேன். ஆட்டத்தப் பாரு.

— இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக்கு பெரியவரே. மூணானா அவுட்டு.

— ம். தம்பி, உங்கப்பன் செத்ததுக்கு நான் வர முடியல. ஊர்ல இல்ல.

— நல்லவேள வரல. வந்திருந்தா கைதட்டியிருப்பாங்க.

— என்னப்பா சொல்ற?

— மார்ச்சு மாசம். நெஞ்சு பூரா கரித்தூசு, மூச்சு நின்னுபோச்சு. ரெண்டு ஊருக்கும் அதே மாதா கோயில்தான். பொட்டிய நாங்க வெளிய தூக்கிட்டு வரோம், சாவு மணி அடிக்கறாங்க. அந்த மணி. டிங்... டாங்... ரோட்டோரமா நின்ன ரெண்டு பேரு, தொப்பியக் கழட்டி நெஞ்சுல வெச்சுக்கிட்டே சிரிச்சாங்க. அடக்கத்தான் பாத்தாங்க, முடியல. எங்கம்மா அதப் பாத்துட்டா. அதனாலதான் சொல்றேன். இன்னிக்கு நீங்க அவுட்டாயிட்டுத்தான் போகணும். ஃபுஸ்கோ வீட்டுக்காரன் உக்காந்து புடிச்ச பந்துல அவுட்டாகணும். உங்க கத அப்படித்தான் முடியணும்.

— உங்கப்பன் மாதிரி ஒருத்தன நான் பாத்ததில்ல தம்பி. அன்னிக்கும் அவன் மேனேஜர் தொப்பியத் தடவினாரு. என்ன சும்மா அனுப்பச் சொல்லி. சால் தலைய ஆட்டி மாட்டேன்னுட்டான். நடுவுல போட்டான். எனக்குப் பயந்து விலக்கிப் போடாத ஒரே ஆளு அவன்தான்.

— அதுக்குப் பரிசு என்ன கெடச்சுது? அந்தப் பந்து கம்பத்துக்கு வெளிய போச்சு. வலதுபக்கம் நிக்குதே மஞ்சக் கம்பம், அதுக்கு அந்தப் பக்கம். வெளிய போன பந்து செல்லாது, சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனா அடிச்சது ஊரு செல்லப்புள்ள. அம்பயர் கையச் சுத்திட்டாரு, ஹோம் ரன்னு.

— லெனி!

— இல்லன்னு சொல்லுங்க டோலன் சார். அன்னிக்குக் கரி ரயிலு போச்சு. புகை அந்தக் கம்பத்தையே மூடிருச்சு. பிளேட்டுகிட்ட நின்ன யாருக்கும் ஒண்ணும் தெரியல. மணி அடிச்சது கேட்டுச்சு, கூட்டம் கத்துச்சு, நீங்களும் கூட்டத்தோட சேந்துக்கிட்டீங்க. எங்கப்பா பந்து போடற மேட்டுலேருந்து எறங்கி உங்ககிட்ட வந்தாரு. கெஞ்சினாரு. மைதானமே பாத்துச்சு. நீங்க காதுலயே வாங்கல.

— அவன் கெஞ்சினான்னு அவன் சொன்னானா உன்கிட்ட?

— அவரு எங்க சொன்னாரு? கேட்டா, "விடுடா லெனி, போனது போச்சு"ம்பாரு. தோத்தவன் பேச்சு அம்பலம் ஏறாதுன்னு அவருக்குத் தெரியும்.

— ஆட்டத்தப் பாரு.

— சரி தம்பி, உனக்கு ஒண்ணு சொல்றேன். நான் அன்னிக்குத் தலையக் குனிஞ்சுக்கிட்டு ஓடிட்டிருந்தேன். மணி சத்தம் மட்டும் கேட்டேன். பந்து உள்ள போச்சா, வெளிய போச்சான்னு எனக்கே தெரியாது. இன்னி வரைக்கும் தெரியாது. தெரியாத ஒண்ணுக்கு வாழ்க்க பூரா கைதட்டு வாங்கிட்டிருக்கேன். அது ஒண்ணும் சொகமான சொமை இல்ல.

— இத இப்ப சொல்றீங்க.

— இப்பத்தான கேட்ட.

— பக், போடு! வெளி ஓரத்துல! போடு... ஸ்ட்ரைக்! மூணு! அவுட்டு!

— வெளிப்பந்து. ரெண்டு.

— என்னது? வெளிப்பந்தா? டோலன் சார், ஓரத்துல வந்துச்சு சார்! கண்ணு தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க! அன்னிக்கு எங்கப்பனுக்குப் பண்ணினீங்க, இன்னிக்கு எனக்கா?

— தம்பி. இங்க பாரு. உன் கிளவுஸு எங்க நின்னுச்சு?

— நீங்க பேசாதீங்க.

— அம்பயர் கண்ண விடு. உன் கண்ணுல தண்ணி இல்ல. நீ புடிச்ச பந்து. எங்க புடிச்ச?

— ...அரைச்சாண் வெளிய.

— அவ்வளவுதான். எமெட், பையன் ஒத்துக்கிட்டான். விடு.

— நான் எதையும் மனசுல வெக்கல. ரெண்டு ஸ்ட்ரைக்கு, ரெண்டு வெளிப்பந்து. உக்காரு லெனி.

— உக்காந்துட்டேன். டேய் பக், இங்க பாருடா. நடுவுல. இருக்கறதுலயே வேகமா. தொப்பியத் தடவறவர நீ பாக்காத, என்னப் பாரு.

— உங்கப்பன் மாதிரியே இருக்கடா நீ.

— மட்டையத் தூக்குங்க பெரியவரே.

— தூக்கிட்டேன்.

— வருது...

— ஹப்!

— ஐயோ. ஐயோ... வெளிய போ! வெளிய போ! வலதுபக்கம் திரும்பு, திரும்பு, மாதாவே, திரும்பிரு!

— ஓடு அகி! நிக்காத, ஓடு! லெனி, பந்து எங்க?

— வேலியத் தாண்டிருச்சு சார். போயிருச்சு.

— அது கூட்டம் எழுந்து நிக்கறதுலயே தெரியுது. கம்பத்துக்கு எந்தப் பக்கம்?

— என்ன சார்?

— கண்ணு பூரா தண்ணி. கம்பமே ரெண்டாத் தெரியுது. நீ மாஸ்க்கக் கழட்டி வீசிட்டு முன்னால ஓடி நின்ன. நேர்கோட்டுல நின்னு பாத்தது நீ ஒருத்தன்தான். உள்ளயா, வெளியயா?

— என்னப் போயா கேக்கறீங்க?

— உன்னத்தான்.

— நான் ஹார்வின்காரன் சார்! நான் ஃபுஸ்கோ! வெளியன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், அவரு திரும்பி வந்து நிக்கணும். அடுத்த பந்துல அவர அவுட்டாக்கிருவேன். எங்கம்மா நாளைக்குத் தல நிமிந்து கோயிலுக்குப் போவா. அது தெரிஞ்சும் என்னையா கேக்கறீங்க?

— தெரிஞ்சுதான் கேக்கறேன். சீக்கிரம் சொல்லு. அவன் முட்டி ரெண்டும் போயிருச்சு, மெதுவாத்தான் ஓடுவான், ஆனா முதல் பேஸத் தாண்டிட்டான். கூட்டம் என் கையப் பாத்துட்டு நிக்குது.

— வேற யாரையாவது கேளுங்க.

— யார? ஜெயிக்கறவனையா?

— சார்...

— தரையப் பாக்காத. சொல்லுடா.

— உள்ள.

— சத்தமா வேணாம். எனக்குக் கேட்டாப் போதும். நிச்சயமா?

— கம்பத்துக்கு இந்தப் பக்கம். ஒரு கையகலம். பாத்தேன். உள்ளதான் சார், உள்ளதான்.

— ஹோம் ரன்!

— ...போச்சு. எல்லாம் போச்சு. பேண்டு வாத்தியம் ஆரம்பிச்சாச்சு. நாளையிலேருந்து என் பேரும் டிங் டாங்.

— மாஸ்க்க எடுத்துக்க. மண்ணத் தட்டு. அவன் பிளேட்ட மிதிக்கற வரைக்கும் கேட்சர் நிக்கணும்.

— நிக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன் சார், பதில் சொல்லுங்க. இன்னிக்கு என்னக் கேட்டீங்களே, அன்னிக்கு ஏன் யாரையும் கேக்கல? எங்கப்பா வந்து உங்க மூஞ்சிக்கு நேர நின்னாரே. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே!

— அவனா வரல லெனி. நான்தான் கூப்பிட்டேன்.

— நீங்களா? எதுக்கு?

— எனக்குக் கண்ணு மறைச்சா நான் ஒரே ஒருத்தனத்தான் கேப்பேன். எவன் அந்தப் பதிலால கெட்டுப் போவானோ, அவன.

— சார்...

— அவனும் உன்ன மாதிரியேதான் கொஞ்ச நேரம் தரையப் பாத்துட்டு நின்னான். அப்புறம் சொன்னான், "உள்ளதான் எமெட். நான் சொன்னேன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிராத, எங்க பசங்க என்ன பஸ்ஸுல ஏத்த மாட்டானுங்க."