நாலாவது மெஷினில் இருந்த சிடி என்னுடையது

பெயர் ஜோதிமணி, வயது 41, கணவர் பெயர் முனிவேல், குடியிருப்பு ஓசூர் ராயக்கோட்டை சாலை. அதே சாலையில் ஜோதி கம்ப்யூட்டர் டைப்பிங் அண்ட் ஜெராக்ஸ் என்ற கடையை ஏழு வருடமாக நடத்தி வருகிறேன். என் கணவர் போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனிக்குத் தொழிலாளர் பஸ் ஓட்டுகிறார். 18.8.2007 சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, யாரும் கூப்பிடாமலும் யாரும் மிரட்டாமலும் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, தலைமைக் காவலர் பெரியதம்பி அவர்களிடம் சொல்லி எழுதவைப்பது என்னவென்றால்:

இன்று காலை என் கடையில் கைப்பற்றிய சிடிகளில், நாலாவது மெஷினின் டிராயரில் இருந்த ஒன்று என்னுடையது. அதைத் தன்னுடையது என்று சொல்லி அசோக்குமார், வயது 24, மதியத்திலிருந்து இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அவர் என்றுதான் எழுத வேண்டுமாம். என் வாயில் வருவது அவன்தான், அப்படியே எழுதிக்கொள்ளட்டும். இரண்டு வருடமாக சிப்காட்டில் ஒரு கம்பெனியில் டிரெயினியாக இருக்கிறான். வருகிற திங்கட்கிழமை காலை அவனுக்கு வேலை நிரந்தரம் என்று ஆர்டர் கொடுக்கிறார்கள். அதற்குள் அவன் பெயரில் கேஸ் என்று ஒரு காகிதம் போய்விட்டால் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் நாளைக்கு வரலாம் என்று இருக்காமல் இன்றைக்கே வந்தேன்.

அவன் சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். எனக்கு உறவு இல்லை. 2005ஆம் வருடம் சித்திரை மாதம் ஒரு நோட்டீசை ஜெராக்ஸ் எடுக்க வந்தான். ஐம்பது காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டு ஒன்றைப் படித்துப் பார்த்தேன். கட்டற்ற மென்பொருள், ஞாயிறுதோறும் இலவச வகுப்பு, அனைவரும் வருக என்று இருந்தது. இடம் என்று போட்டு அதற்கு நேரே ஒன்றும் இல்லை. "எங்கப்பா வகுப்பு?" என்று கேட்டேன். "இடம் இன்னும் கெடைக்கலக்கா" என்றான். இடம் கிடைக்காமலே ஐம்பது நோட்டீஸ் எடுத்த ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை என் கடை சும்மாதானே கிடக்கிறது, இங்கேயே வைத்துத் தொலை என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று இருந்தது.

அதன் பிறகு வந்த ஞாயிறு அவனும், மோகனப்ரியா என்ற பள்ளி ஆசிரியையும் வந்தார்கள். அது சேலத்துப் பெண். பதினொரு மணி வரைக்கும் காத்திருந்தும் கற்க ஒரு ஆள் வரவில்லை. சொல்லிக்கொடுக்க இரண்டு பேர், படிக்க ஆள் இல்லை. கடைசியில் என்னையே உட்காரவைத்து வகுப்பு எடுத்தார்கள். எனக்கு வீட்டில் குழம்பு கொதிக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன், விடவில்லை.

கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன என்று தலைமைக் காவலர் கேட்டதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எழுதினவர்களே, எடுத்துக்கொள், காப்பி போடு, நாலு பேருக்குக் கொடு என்று எழுதிக் கொடுத்துவிட்ட சாப்ட்வேர் அது. லினக்ஸ் என்பார்கள். அதைக் காப்பி எடுத்தால் தப்பு இல்லை. கம்பெனிக்காரன் கூடாது என்று சொன்னதைக் காப்பி எடுத்தால்தான் தப்பு. அசோக்குமார் இதை என்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறான். நான் ஒருநாள் திருட்டு சினிமா சிடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு அரை மணி நேரம் என்னைத் திட்டினான். "எடுத்துக்கன்னு குடுத்தவுக இத்தன பேர் இருக்கையில, குடுக்காதவுக பண்டத்துல எதுக்குக்கா கை வைக்கிறீக?" என்றான். படம் பாதியில் நின்றுபோனது.

என்னிடம் அப்போது நாலு மெஷின் இருந்தன. நாலிலும் வைரஸ். வேலைக்கு மனு போட வரும் பிள்ளைகளுடைய பயோடேட்டா வாரம் ஒருமுறை காணாமல் போகும், நான் வாங்கிக் கட்டிக்கொள்வேன். அசோக்குமாரும் மோகனப்ரியாவும் மூன்று மெஷினை லினக்ஸுக்கு மாற்றினார்கள், நாலாவதை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டார்கள். மறுநாள் திறந்து பார்த்தால் திரையில் இருந்த குட்டிப் படம் எதுவும் பழைய இடத்தில் இல்லை. "எங்கடா என் பழைய படமெல்லாம்?" என்று போனில் கத்தினேன். ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடு ஓடி வந்து, எது எங்கே இருக்கிறது என்று துண்டுச் சீட்டில் தமிழில் எழுதி ஒவ்வொரு மானிட்டர் ஓரத்திலும் ஒட்டினான். கையெழுத்து கோழி கிளறினதுபோல் இருந்தது, ஆனாலும் வேலைக்கு ஆயிற்று. அதற்குப் பிறகு ஒரு பயோடேட்டாகூடக் காணாமல் போகவில்லை.

அதன் பிறகு தளியிலிருந்து நாராயணப்பன் என்ற பூ விவசாயி, கர்நாடகத்தில் இருக்கும் நிலத்துக்குக் கன்னடத்தில் மனு அடிக்க வேண்டும் என்று வந்தார். இங்கே முடியாது, எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போங்கள் என்று நான் அனுப்பப் பார்த்தேன். கன்னடத்தில் ஒரு எழுத்துத் தெரியாத அசோக்குமார், இரு பெரியவரே என்று அவரை உட்காரவைத்தான். மூன்று ஞாயிறு ஆனது. அவர் சொல்லச் சொல்ல, கீபோர்டில் எந்தக் கட்டையில் எந்த எழுத்து என்று இவன் தேடித் தேடி ஏற்றினான். மனு அச்சாகி வந்ததும் நாராயணப்பன் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "பரவாகில்ல, நம்ம பாஷை இதுக்குள்ளயும் இருக்குது" என்றார். அடுத்த வாரம் ஒரு மூட்டை சாமந்தி கொண்டுவந்து இறக்கினார். கடை கல்யாண வீடுபோல் மணந்தது.

குந்தாரப்பள்ளிச் சந்தையில் போய் லினக்ஸ் சிடி கொடுத்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இருநூறு முந்நூறு சிடி எதற்கு என்று சப்-இன்ஸ்பெக்டர் காலையில் கேட்டார். மாடு விற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அசோக்குமாரும் மோகனப்ரியாவும் சில நண்பர்களும் ஒரு பெஞ்சு போட்டு, இலவசம் என்று எழுதிவைத்து மதியம் வரை கொடுத்தார்கள். என்ன படம் என்று கேட்டு நூறு பேர் வாங்கிப் போனார்கள். மொத்தமும் தீர்ந்துவிட்டது என்று இவன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். இரண்டு வாரம் கழித்து பஸ்ஸில் போகும்போது, ஒரு தக்காளித் தோட்டத்தில் காக்காயை விரட்டக் கயிறு கட்டி அந்த சிடிகள் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்திருக்கிறான். வேறொருவனாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு போயிருப்பான். இவன் பஸ்ஸை விட்டு இறங்கிப் போய், "அண்ணே, கெட்டுப்போன சிடி எங்கிட்ட நெறைய இருக்கு, அதக் கொண்டாந்து தாரேன், நல்லத எனக்குக் குடுத்துருங்க" என்று பேரம் பேசியிருக்கிறான். நாங்கள் ஒரு மாதம் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

இனி நாலாவது மெஷின். என்னிடம் வாடிக்கையாக வேலை கொடுக்கும் ஒரு சின்னப் பட்டறையின் சூப்பர்வைசர் கொண்டுவரும் பைல்களை லினக்ஸில் திறந்தால் கட்டங்கள் கலைந்து போயின. அவர் முகம் சுளித்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது. பெங்களூர் நடைபாதையில் கம்பெனி சாப்ட்வேரின் திருட்டு சிடி ஒன்றை வாங்கி வந்து, நானே நாலாவது மெஷினில் ஏற்றினேன். ஏற்றும் விதம் அவர்கள் சொல்லிக்கொடுத்ததுதான், அதற்கு இப்படிப் பயன்படுத்தினேன். அந்த மெஷின் ரிப்பேர் என்று சொல்லி மேலே ஒரு துணியைப் போட்டு மூடிவைத்தேன். அசோக்குமார் ஒவ்வொரு ஞாயிறும், "அக்கா, அத நான் ஒருக்கா பாக்கட்டுமா?" என்பான். "உனக்கு என்னாத்துக்கு, உன் வேலையைப் பாரு" என்பேன். ஒன்றரை வருடம் இப்படியே ஓட்டினேன்.

இன்று காலை பதினொன்றரை மணிக்கு சப்-இன்ஸ்பெக்டரும் இரண்டு காவலர்களும், கம்பெனி தரப்பில் வந்ததாகச் சொன்ன டை கட்டிய ஒருவரும் கடைக்கு வந்தார்கள். அசோக்குமார் நாளைய வகுப்புக்கு சிடி எழுதிக்கொண்டிருந்தான். இதையெல்லாம் காப்பி எடுத்தது யார் என்று சப்-இன்ஸ்பெக்டர் அதட்டினார். அவன் எழுந்து நின்று, "நான்தான் சார். இதுவரைக்கும் ரெண்டாயிரம் எடுத்துருப்பேன். சாருக்கு ஒண்ணு வேணுங்களா?" என்று கேட்டான். அதன் பிறகு டை கட்டியவர் மூன்று மெஷினையும் பார்த்துவிட்டு, இதில் நமக்கு ஒன்றும் இல்லை என்று அவரே சொன்னார். அத்தோடு போயிருப்பார்கள். காவலர் ஒருவர் நாலாவது மெஷினின் துணியைத் தூக்கினார். டிராயரைத் திறந்து அந்த சிடியை எடுத்தார்.

இது யாருடையது என்று கேட்டார்கள். கடை என் பெயரில். நான் வாயைத் திறக்கும் முன் அசோக்குமார் என் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "அதுவும் நான் கொண்டாந்ததுதான் சார், அக்காவுக்குத் தெரியாது" என்றான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அடுத்தவர் பண்டத்தில் கை வைப்பதை எவ்வளவு கேவலமாக நினைப்பவன் அவன் என்று இந்த ஊரில் என்னைவிட யாருக்குத் தெரியும்? அந்தக் கேவலத்தை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டான். நான் மரம்போல் நின்றேன். ஜீப் போகும்வரை நின்றேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய் அழுதுகொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு என் கணவர் டூட்டி முடிந்து வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. "அந்தப் புள்ள சாப்டுச்சா?" என்று மட்டும் கேட்டார். நான் மதியம் சாப்பிட்டிருந்தேன். உடனே புறப்பட்டு வந்துவிட்டேன். அந்த சிடிக்கு அசோக்குமாரோ மோகனப்ரியாவோ அவர்கள் நண்பர்களில் வேறு யாருமோ பொறுப்பு இல்லை, நான் ஒருத்திதான் பொறுப்பு.

எழுதியதைத் தலைமைக் காவலர் எனக்கு வாசித்துக் காட்டினார். அசோக்குமார் மேல் குற்றம் எதுவும் இல்லை என்று ஒரு வரி சேர்க்கட்டுமா என்றார். போலீசிடம் பொய் சொன்னானே, அது குற்றம்தானே, அதையும் எழுதுங்கள், அவனை இரண்டு அறை அறையவேண்டும்போல் இருக்கிறது என்றேன். "அப்படி எழுதுனா அதுக்குத் தனியா கேஸ் போடணும்மா" என்றார். அப்படியென்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள் என்றேன். எழுதினது எழுதினதுதான், அடிக்கக் கூடாது, அவன் கலவரத்தில் உளறினான் என்று வேண்டுமானால் சேர்க்கலாம் என்றார். சேர்த்துக்கொள்ளட்டும்.

இதில் கையெழுத்துப் போட்டால் இந்த வழக்கில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவள், நானாகிவிடுவேன் என்றும், கடைக்குச் சீல் வைக்க நேரிடும் என்றும் அவர் இரண்டு தடவை விளக்கினார். விளங்கிற்று. மேலே இருப்பதெல்லாம் நடந்தது நடந்தபடி என் வாயால் சொன்னது, என் காதால் வாசித்துக் கேட்டது. பக்கத்து அறையிலிருந்து அசோக்குமார், "அக்கா, வேணாங்க்கா, கையெழுத்துப் போட்டுறாதீக" என்று கத்துவதும் கேட்கிறது. கேட்டுக்கொண்டேதான் போடுகிறேன்.

(கையொப்பம்)
மு. ஜோதிமணி