விழுந்த சுமைக்குக் காவல்

குதிரையை அடிக்கிறவன் என்று என்னைப் பற்றி யாரும் சொல்ல முடியாது ஐயா. ஆலன்டேல் மலையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சேணம் உரசிப் புண்ணான முதுகில் நான் பொதி ஏற்றியதே இல்லை. ஆம்புரோஸ் என்கிற என்னைவிட என் குதிரைகள் நன்றாகச் சாப்பிடுகின்றன என்று கேலி பேசுவார்கள். பேசட்டும்.

ஈயம் திருடினேன். அதை மறைக்கப்போவதில்லை. ஈயம் உருக்கும் உலையிலிருந்து நியூகாசில் படகுத்துறைக்குப் போகிற வழியில், சதுப்பைக் கடக்கும்போது ஒரு பாளம் சேற்றுக்குள் போய்விடும். திரும்பி வரும்போது எடுத்துக்கொள்வேன். வேட்டைத் துப்பாக்கிக்குக் குண்டு வார்க்கிறவன் ஒருவன் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வான். அந்த ஈயத்தை மலைக்குள்ளிருந்து வெட்டியவன் இருமி இருமிச் செத்தான். உருக்கியவனுக்குக் கை விளங்காமல் போயிற்று. மழையிலும் பனியிலும் சுமந்தவர்கள் நாங்கள். ஒரு கல்லைக்கூடத் தூக்காதவர் லண்டனில் உட்கார்ந்துகொண்டு அதைத் தன்னுடையது என்கிறார். அவரை யாராவது இப்படி நிற்கவைத்துக் கேட்டீர்களா?

துறையில் எடை குறைந்தால், கூட வந்த சுமைக்காரர்கள் எல்லோர் கூலியிலும் பிடிப்பார்கள். அதுதான் வழக்கம். எனக்கும்தான் பிடித்தார்கள். மற்றவர்கள் முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். நினியனால் மட்டும் அப்படிப் போக முடியவில்லை. நினியன் என் தங்கை டமரிஸின் புருஷன். நல்லவன். நல்லவனோடு ஒரே பாதையில் நடந்து பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் உங்களுக்குத் தெரியும்.

சதுப்புக்குள் நான் கைவிட்டுத் துழாவுவதை அவன் பார்த்துவிட்டான்.

"என்ன மச்சான், மீன் பிடிக்கிறியா?" என்று சிரித்தான். பாளம் வெளியே வந்ததும் சிரிப்பு நின்றது.

"பார்த்தாச்சுல்ல. பேசாம போ" என்றேன்.

"எப்படிப் போறது? கூட நடக்கிறவன் வயித்துல அடிச்சிருக்கியே. அடுத்த நடை துறைக்குப் போனதும் நீயே சொல்லிடு. இல்லேன்னா நான் சொல்லுவேன்."

"உன் பொண்டாட்டிக்கு அண்ணன்டா நான்."

"அதனாலதான் இந்தத் தவணை. வேற எவனாவது இருந்தா இப்பவே சட்டையப் பிடிச்சிருப்பேன்."

எனக்குத் தவணை கொடுத்தான் ஐயா, அவன்.

உலையைச் சுற்றியுள்ள புல் விஷம். புகையோடு போகிற ஈயம் அதன்மேல் படியும். அதனால் முற்றத்துக்குள் நுழையுமுன் குதிரைகளுக்கு வாய்க்கூடை கட்டுவோம். ஓடையைத் தாண்டிய பிறகுதான் அவிழ்ப்போம். அடுத்த நடை வரைக்கும் சுரங்கத்திலிருந்து உலைக்குத் தாது சுமந்துகொண்டிருந்தோம். தினமும் அந்த முற்றத்தில் காத்திருக்க வேண்டும். நினியன் உள்ளே எடை பார்க்கப் போகும்போதெல்லாம், அவனுடைய குதிரை ஜெஸ்ஸின் வாய்க்கூடையை நான் தளர்த்திவிட்டேன். பசித்த குதிரை மேய்ந்தது. நான் ஊட்டிவிடவில்லை. அவன் வருமுன் மறுபடி இறுக்கிக் கட்டிவிடுவேன். அவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தால் பாவம், பதறிப்போவான்.

துறைக்குப் புறப்பட்ட அன்று, மேட்டின் உச்சியில் ஜெஸ் கால் மடங்கி விழுந்தது. பனி விழத் தொடங்கியிருந்தது. எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. குதிரை விழுந்தால் அதன் சொந்தக்காரன் சுமையோடு உட்கார்ந்துவிட வேண்டும். மாற்றுக் குதிரை வரும் வரை அசையக் கூடாது. சுமையை விட்டு இறங்கி வருகிறவன் திருடன். அப்புறம் அவன் பேச்சை ஒருவரும் காதில் வாங்கமாட்டார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. இறங்கி வந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

"என் லாயத்துல குதிரை இருக்கு, நான் திரும்பிப் போய் அனுப்பறேன்" என்றேன். மச்சான் ஆயிற்றே என்று மற்றவர்கள் என்னை நம்பி, என் சுமைக் குதிரைகளையும் ஓட்டிக்கொண்டு முன்னே போய்விட்டார்கள்.

"சீக்கிரம் அனுப்பு மச்சான். கம்பளி ஒண்ணும் குடுத்துவிடு, ஜெஸ் நடுங்குது."

"அனுப்பறேன். நீ இடத்தை விட்டு அசையாதே."

மறுநாள் டமரிஸ் வந்தாள். "அவர் இன்னும் வரலியேண்ணே" என்றாள். "குதிரை போயிருக்கு, வந்துடுவான்" என்றேன். அதற்கடுத்த நாளும் வந்தாள், அதையேதான் சொன்னேன். லாயத்தில் குதிரை வைக்கோல் மென்றுகொண்டிருந்த சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.

அவனுக்குக் கால் இருந்தது. கீழே பண்ணைவீட்டின் புகை தெரிகிற இடம்தான். இறங்கியிருக்கலாம். இறங்காதது அவன் வீம்பு.

ஆள் போய்ப் பார்த்தபோது பாளங்களின்மேல் உட்கார்ந்தபடியே விறைத்துச் செத்திருந்தானாம். ஒன்றுகூடக் குறையவில்லை. உலைக்காரர்கள் முதலில் ஈயத்தைத்தான் இறக்கினார்கள். எடை சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவனை இறக்கக் குதிரை கொடுத்தார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அவர்களை விட்டுவிட்டு என்னைக் கேட்கிறீர்கள்.

ஏன் குதிரை அனுப்பவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். டமரிஸும் அதையேதான் கேட்டாள். லாயத்துக் கதவைத் திறந்தேன் ஐயா. சேணத்தைக்கூடக் கையில் எடுத்தேன். வெளியே அப்படிக் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பனியில் ஒரு வாயில்லா ஜீவனை எப்படி அனுப்புவது?