அவசரக்கார சிப்பு

...செயற்கைக்கோள்ல வெச்ச அந்த கம்ப்யூட்டர் சிப்புதான்ணே காரணம். விசாரணைக் கமிட்டி உள்ள கூப்பிட்டா நான் இதையேதான் சொல்லப்போறேன். நீங்க மலைக்காட்டுக் காவல் கோபுரத்து ஆளு, தீயைக் கண்ணால பாத்தவரு, கையில கட்டோட வந்திருக்கீங்க. உங்களைப் போய் ஒரு மணி நேரமா வராந்தாவுல உக்கார வெச்சிருக்காங்களே. இந்த பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை வேற. ராக்கெட் விடுற ஆபீஸு, ஒரு பெஞ்சை நிமித்தத் துப்பில்ல.

நானா? செயற்கைக்கோள் எடுத்த படங்களைப் பாத்து, இது மேகம், இது புகை, இது ஏரின்னு பேர் போட்டுக் குடுக்கிற செக்‌ஷன். இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ்.

முன்னாடியெல்லாம் மேல இருக்கிற கம்ப்யூட்டர்ல படம் ஒரு இடத்துல இருக்கும், கணக்குப் போடுறது இன்னொரு இடம். படத்தோட ஒவ்வொரு புள்ளியையும் தூக்கிட்டு வந்து, கணக்குப் போட்டு, திரும்பக் கொண்டுபோய் வைக்கணும். எங்க ஆபீஸ்ல ஃபைல் நகர்ற மாதிரின்னு வெச்சுக்கோங்க. பாதி பேட்டரி அந்த நடைக்கே போயிடும். மெதுவாத்தான் இருந்துச்சு... ஆனா எல்லாப் படமும் கீழ வந்துரும், மனுஷங்க பாப்போம்.

அப்புறம் எங்க டைரக்டர் ஏதோ மாநாட்டுக்குப் போயிட்டு வந்தாரு. வந்ததும் புது சிப்பு. படம் எந்த மெமரியில இருக்கோ அங்கேயே கணக்கும் நடந்துடுமாம், நடையே கிடையாதாம். பொய் சொல்லக்கூடாது, அரை மணி நேர வேலைய கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிச்சிடுது. வெறும் மேகமா இருந்தா படத்தை மேலயே தூக்கிப் போட்டுடும். புகைன்னா உடனே கீழ தகவல். பாராட்டு விழா என்ன, கேக் என்ன... எனக்கு ஓரத்துத் துண்டு, அதுல க்ரீமே இல்ல.

உங்க மலை மேல அன்னைக்குக் காலையில பத்து மணிக்கே அது பறந்திருக்கு. புகையைப் பாத்திருக்கு. மேகம்னு முடிவு பண்ணித் தூக்கிப் போட்டுட்டுப் போயிடுச்சு. மலைக்கு அந்தப் பக்கம் கிளம்பின புகை உங்க கோபுரத்துக்குத் தெரிய மத்தியானம் ரெண்டு மணி ஆயிருக்கு. நீங்க ஓடிப்போய் அங்க இருந்த பதினோரு வீட்டு ஜனத்தையும் வெளிய இழுத்துட்டு வந்தீங்க. வீடு ஒண்ணுகூட மிஞ்சலைன்னாங்க...

சிப்பு செஞ்சவங்க என்ன சொல்றாங்கன்னா, சிப்பு நல்லாத்தான் இருக்காம், சொல்லிக்குடுத்ததைத்தான் அது செய்யுமாம். சொல்லிக்குடுத்தது... சரி, எங்க செக்‌ஷன்தான். நாங்க பேர் போட்ட படங்களைப் பாத்துத்தான் அது கத்துக்குச்சு. நாப்பதாயிரம் படம்ணே, மூணே பேரு. அதுல ஒருத்தி பிரசவ லீவு.

மலைக்காட்டுப் படம் எண்ணூறு என் பங்குல பாக்கி நின்னுச்சு. சிப்பு மேல போறதுக்கு முன்னாடி, ஒரு வெள்ளிக்கிழமை. பொண்ணு ஊர்லேருந்து வர்றா, பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும். எல்லாமே வெள்ளை வெள்ளையாத்தான் தெரிஞ்சுது. மொத்தமா சேத்து மேகம்னு போட்டேன். திங்கக்கிழமை வந்து ஒவ்வொண்ணாப் பாத்துக்கலாம்னு...

பாக்கல.

இதை என் வீட்டுக்காரர்கிட்டகூட சொன்னதில்ல. உங்க கைக்கட்டு மேலயே கண்ணு போயிட்டிருந்துச்சா, தானா வந்துடுச்சு.

உங்களைத்தான் கூப்பிடுறாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு கேக்கத்தான் வாயெடுத்தேன்... வேண்டாம். நீங்க உக்காருங்கண்ணே, நான் முதல்ல உள்ள போய் சொல்லிடுறேன். நீங்க முதல்ல போனா, திரும்பி வர்றதுக்குள்ள நான் வீட்டுக்குக் கிளம்பிடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்.