இல்லாத பேக்கேஜும் பெய்த மழையும்

“பேக்கேஜ் இல்லைன்னா புரோகிராம் நின்னு தொலைய வேண்டியதுதானே? எதுக்குங்க வாயை மூடிக்கிட்டு ஓடுது?”

குத்தாலத்தில் பஸ் ஏறி என் முன் இருக்கையில் அமர்ந்த பெண், உடன் வந்தவரிடம் கேட்டாள். இருவர் கழுத்திலும் ஒரே அலுவலகத்தின் அடையாள அட்டை. வெளியே வயலென்றும் வாய்க்காலென்றும் பாராமல், மூச்சு விடாமல் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

“நான்தான் மேடம் அப்படி எழுதினேன். புது லேப்டாப்ல புரோகிராமுக்கு வேண்டிய துணைப் பேக்கேஜ் ஏதாவது இல்லைன்னா சிவப்பு சிவப்பா எர்ரர் வருது. பாக்கிறவங்க பயந்துடறாங்க. அதான், இல்லாட்டி சத்தமில்லாம தாண்டிப் போன்னு ஒரு வரி போட்டேன்.”

“எதைத் தாண்டுச்சுன்னு பாத்தீங்களா?”

“வானிலை விவரத்தை வாங்குற பேக்கேஜை.”

“அப்ப மழை அளவு வர்ற கட்டத்துல என்ன வந்துச்சு?”

“ஒண்ணும் வரலை. காலியா இருந்தா பூஜ்யம்னு எடுத்துக்கச் சொல்லி...”

“அதையும் நீங்கதான் எழுதினீங்க.”

“பாக்க அழகா இருக்கட்டுமேன்னு, மேடம்.”

“அழகு! ‘இன்னிக்கு மழை இல்லை, நெல்லைக் காயவைக்கலாம்’னு காலையில ஊருக்கே மெசேஜ் போயிருக்கு. எங்கப்பா குறுவை நெல்லு மொத்தத்தையும் ரோட்டுல கொட்டிப் பரப்பி வச்சிருக்காரு. பொண்ணோட ஆபீஸே சொல்லிடுச்சாம், தார்ப்பாய்கூட எடுத்துட்டுப் போகலை மனுஷன்.”

அவர் அவசரமாக மடிக்கணினியைத் திறந்தார்.

“இப்பவே அந்தப் பேக்கேஜை இறக்கிப் போட்டுடறேன் மேடம்.”

“போடுங்க. மழை பெய்யுதுன்னு சொல்லும்.”