செபமாலைமுத்துவின் சோற்றுக்கோப்பையை நான் எடுத்த விடயம்

என் பெயர் பியற்றிஸ் யேசுரட்ணம். வயது ஐம்பத்து நான்கு. வசிப்பிடம் லண்டன், கோலியர்ஸ் வுட். பாடசாலைச் சமையலறை ஒன்றில் வேலை. எங்கள் ஆலயத் தமிழ்ச் சபையின் தரும நிதிக்கு ஐந்து வருடமாகச் செயலாளர். அதற்குச் சம்பளம் இல்லை. பொலிஸ் நிலையத்துக்குள் நான் கால் வைத்தது இன்றைக்குத்தான். தமிழில் நான் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் தமிழிலேயே எழுதுகிறார்.

மன்னாரில் கண்ணிவெடியில் கால் இழந்த பதினொரு பேருக்குச் செயற்கைக் கால் பொருத்துவதற்காக, 14.11.1993 ஞாயிறு பூசைக்குப் பின் ஆலய மண்டபத்தில் மதிய விருந்து வைத்தோம். அதற்கு முன்பே ஹரோவைச் சேர்ந்த திரு. செபமாலைமுத்து பெரிய தொகை ஒன்று தர ஒப்புக்கொண்டிருந்தார். அது அவருடைய சட்டைப்பையிலிருந்து வரும் பணம் அல்ல. தருமத்துக்கென்று ஒரு நிறுவனத்திடம் முன்பே அவர் போட்டு வைத்தது. போட்ட அன்றே அவருக்கு வரிச்சலுகை கிடைத்துவிட்டது. அதன் பின் அது அவருடைய பணமே அல்ல. இன்னாருக்குக் கொடுங்கள் என்று ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான்.

அந்த நிறுவனம் எனக்கு ஒரு படிவம் அனுப்பியது. கொடுத்தவரோ அவர் குடும்பமோ பதிலுக்கு டிக்கெட், சாப்பாடு எதுவும் பெறக் கூடாது என்றும், பெறவில்லை என்று விருந்து முடிந்தபின் செயலாளர் எழுதிக் கொடுத்தால்தான் காசோலை வரும் என்றும் அதில் இருந்தது. அந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டு கையொப்பம் வைத்தவள் நான். அதன் பின் நான் திரு. செபமாலைமுத்துவுக்குத் தொலைபேசி எடுத்து, டிக்கெட்டைத் தன் சொந்தக் காசில் வாங்கும்படி சொன்னேன். அவர் சிரித்தார். “அதெல்லாம் பேப்பருக்கு, தங்கச்சி” என்றார்.

எங்கள் சபைத் தலைவர் ஞானரட்ணம் என் பேச்சைக் கேட்காமல் முதல் மேசையைச் சுற்றிப் பத்துக் கதிரை போட்டு அவர் பெயரை எழுதி வைத்தார். பெரிய மனிதரைப் பின்னுக்கு இருத்த ஏலாதாம்.

பன்னிரண்டரை மணிக்குத் திரு. செபமாலைமுத்து தன் குடும்பத்தார் ஒன்பது பேருடன் வந்து, டிக்கெட் மேசையைத் திரும்பியும் பாராமல் உள்ளே போனார். நான் பின்னால் போய்க் கேட்டேன். “நான் குடுத்த காசிலை நடக்கிற விருந்துக்கு நானே டிக்கெட் எடுக்கிறதோ? உமக்கென்ன விசரோ?” என்று எல்லோரும் கேட்கக் கத்தினார். “ஆளுக்குப் பன்னிரண்டு பவுண் அண்ணை. தாங்கோ, ராசா மாதிரி இருந்து சாப்பிடுங்கோ” என்றேன். அவர் கைக்குட்டையை மடியில் விரித்தார். வரியும் மிச்சம், முதல் மேசையும் வேணும், சோறும் வேணும். என்ன மனுசன் இவர்!

அதன் பின் முதல் கோப்பையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்கள். தட்டு நிறையச் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் இருந்தது. மற்ற ஒன்பது பேருக்கும் இன்னும் வைக்கவில்லை. அவர் கறியைத் தொட முதல் நான் கோப்பையைத் தூக்கினேன். அவர் மற்றப் பக்கத்தைப் பிடித்து இழுத்தார். கறி அவருடைய கோட்டில் கொட்டியது. நான் ஊற்றியதாக அவர் பொலிஸில் முறைப்பாடு செய்திருப்பது அப்பட்டமான பொய். விடிய நாலு மணிக்கு எழும்பிச் சமைத்த கறியை ஊற்ற எனக்கு மனம் வருமா? கொதிக்கும் கறி என்றும் சொல்லியிருக்கிறார். அந்த மண்டபத்தில் கொதித்தது அவருடைய வாய் மட்டும்தான். அதன் பின் பத்துப் பேரும் எழுந்து போய்விட்டார்கள்.

நேற்று ஞானரட்ணம் தட்டச்சு செய்த கடிதம் ஒன்றோடு என் வீட்டுக்கு வந்தார். எங்கள் விருந்தினராக உணவருந்திக்கொண்டிருந்த திரு. செபமாலைமுத்துவிடம் நான் மன்னிப்புக் கேட்பதாக அதில் இருந்தது. “ஒரு கையெழுத்துத்தானே, வையும். அவர் கேஸை விட்டிடுவார்” என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. விருந்தினராக உணவருந்தினார் என்று நானே எழுதிக் கொடுத்தால் நிறுவனத்திடமிருந்து ஒரு சதமும் வராது. “பதினொரு பேர் ஊன்றுகோலோடை காத்துக்கொண்டு நிக்கினம். கால் இல்லையெண்டு நீங்கள் போய்ச் சொல்லுறீங்களோ அண்ணை?” என்று கேட்டேன். அவர் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதில் நான் கையொப்பம் வைக்கவில்லை. வைக்கவும் மாட்டேன். கோட்டுக் கழுவும் செலவை நான் தருகிறேன். கோப்பையைத் தூக்கியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீதிமன்றத்திலும் இதையே சொல்வேன்.

திரு. செபமாலைமுத்துவின் முறைப்பாட்டை உத்தியோகத்தர் இன்று எனக்கு வாசித்துக் காட்டினார். “ஒரு வாய்கூட வைக்க முதல் அந்தப் பெண் என் கோப்பையைப் பறித்தாள். நானும் என் குடும்பத்தாரும் அங்கே எதையும் சாப்பிடாமல் பட்டினியாக வீடு திரும்பினோம்” என்று அதில் இருக்கிறது. அந்த இடத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அது முழுக்க உண்மை. அவருடைய கையொப்பத்தோடு அந்தப் பக்கத்தின் பிரதி ஒன்று எனக்கு வேண்டும். நிறுவனத்துக்கு இன்றைக்கே தபாலில் போட வேண்டும்.

மேலே உள்ளதெல்லாம் நான் என் வாயால் சொன்னது. திருப்பி வாசிக்கக் கேட்டேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) பியற்றிஸ் யேசுரட்ணம்
17.11.1993