பதினேழாவது கியூ

ராத்திரி ரெண்டு மணி பத்து நிமிஷம். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியாச்சு. திண்டிவனம் ரோட்டுல முன்னாலயும் வண்டி இல்ல, பின்னாலயும் இல்ல...

நம்ம சீனுவாசனோட அத்தை பையன் பூவரசனுக்கு நடந்தது இது. விழுப்புரம் பக்கம் கெடார்க்காரன். காலேஜ்ல மேடை நிகழ்ச்சிக்கு லைட்டு, சவுண்டு பண்ற படிப்பு, ரெண்டாவது வருஷம். அன்னைக்கு விழுப்புரத்துல ஒரு ஷோ முடிச்சு, சாமானெல்லாம் டெம்போவுல ஏத்திக்கினு திரும்பறான். முன்னால டிரைவர் ராயப்பன். பின்னால பெட்டியோட பெட்டியா இவன் மட்டும்.

கூட்டாளி சுஃப்யான் செத்து அன்னைக்கு நாப்பதாவது நாள். கோட்டக்குப்பத்துப் பையன். ஷோ நடக்கறப்ப ஹெட்செட்ல குரல் கொடுக்கறது அவன்தான். லைட்டு மாத்தற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நம்பர், அதுக்குப் பேர்தான் கியூ. 'லைட் ஒண்ணு, ஸ்டாண்ட்பை'ன்னு அவன் சொன்னா, பூவரசன் 'ஸ்டாண்ட்பை'ன்னு திருப்பிச் சொல்லிட்டுக் காத்திருக்கணும். 'கோ'ன்னு வந்ததும் பட்டனை அமுக்கணும். இதே ரோட்டுல, கூட்டேரிப்பட்டு கிட்ட, பைக்ல போய்க்கினு இருந்தப்ப ஒரு லாரி... அவ்ளோதான்.

கூட்டேரிப்பட்டு போர்டு தெரிஞ்சுது. பெட்டிக்குள்ள 'டிக்'.

ஹெட்செட் ஆன் ஆகற சத்தம். அப்புறம் ஒரு மூச்சு...

"பூவு... லைட் பதினேழு. ஸ்டாண்ட்பை."

அவனைப் பூவுன்னு கூப்பிட்டது ஒருத்தன்தான்.

பேய் ரெண்டு தடவைக்கு மேல கூப்பிடாது, ராத்திரியில பேர் சொல்லிக் கூப்பிட்டா மூணாவது தடவைதான் வாய் திறக்கணும்னு அம்மா வீரம்மாள் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்காங்க. காலேஜ்ல பழக்கினது வேற. ஹெட்செட்ல கூப்பிட்டா முதல் தடவையே பதில் வரணும். இல்லன்னா மேல தொங்கற லைட்டு எவன் தலையிலயாவது இறங்கும்.

வாய் முந்திக்கிச்சு. "லைட் பதினேழு, ஸ்டாண்ட்பை."

அதுக்கப்புறம் சத்தமே இல்ல. சுஃப்யான் எப்பவும் பூசற அத்தர் வாசனை மட்டும். பெட்டியைத் திறந்தான். ஹெட்செட் சில்லுனு இருந்துது. பேட்டரி போடற இடம் காலி. கூடப் படிக்கிற கலைப்பிரியா எல்லா பேட்டரியையும் கழட்டி, சார்ஜ் போட முன்னாடியே பஸ்ல எடுத்துக்கினு போயிட்டா. சுஃப்யானுக்கு அப்புறம் குரல் கொடுக்கறவ அவதான். மொத்த ஷோவுக்கும் கியூ பதினாறு. பதினாறுல மேடை இருட்டாயிடும். பதினேழுன்னு ஒண்ணு கிடையாது.

காலையில அவகிட்ட கேட்டான், சொன்ன ஸ்டாண்ட்பையைத் திருப்பி வாங்க முடியுமான்னு.

"கூப்பிட்டவன்தான்டா கேன்சல் பண்ணணும். இல்லன்னா கோ வர்ற வரைக்கும் நின்னுக்கினே இரு, ஆஞ்சநேயர் சிலையாட்டம்."

முழுசாக் கேட்டப்புறம் அவ சிரிக்கல.

அதுலேர்ந்து பூவரசன் ஹெட்செட் மாட்டல. 'கோ'ங்கற அந்த ஒரு வார்த்தை காதுல விழுந்தா அன்னைக்கோட நாம இல்லன்னு பயம். படிப்பை விடவும் மனசில்ல. கலைப்பிரியாதான் ஒரு வழி கண்டுபிடிச்சா. ஷோவுல அவன் பின்னாலயே நிப்பா. வாயால சொல்ல மாட்டா. தோள்ல ஒரு தட்டு... அதுதான் கோ.

மூணு ஷோ நல்லபடியா போச்சு. நாலாவது, திண்டிவனத்துல ஒரு மண்டபம். பதினாறாவது தட்டு. மேடை இருட்டு. ஜனங்க கை தட்டினாங்க, ஓஞ்சுது. ஷோ முடிஞ்சுதுன்னு கலைப்பிரியா மேடைக்குப் போயிட்டா.

தோள்ல ஒரு தட்டு.

பழகின விரல். அமுக்கிடுச்சு...

ஒரே ஒரு லைட்டு எரிஞ்சுது. மேடை மேல இல்ல. அவன் மேல.

அந்த வெளிச்சத்துல, மேடையில நின்னுக்கினு இருந்த கலைப்பிரியாவை அவன் பார்த்தான். அவ முகத்தைப் பார்க்கல, அவ கையைப் பார்த்தான். அப்படியே சரிஞ்சான். மாரடைப்புன்னு எழுதிக் குடுத்தாங்க. வயசு இருபது.

அன்னைக்குப் போட்டிருந்த சட்டையை வீரம்மாள் மூணு தடவை தோய்ச்சாங்களாம். சீனுவாசன் போனப்ப எடுத்துக் காட்டினாங்க. எட்டு மாசமாச்சு...

வலது தோள்ல மட்டும், இன்னும் அத்தர் வாசனை.