இரண்டாவது ஊசிக்கு வரவேற்பு

இந்தப் புற்றுநோயாளர் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் டாக்டர் அம்மா அவர்களே, எங்கள் சதையில் துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துக் கண் வலிக்கப் பார்க்கும் ஆய்வுக்கூடத்தாரே, எனக்கு முன்பே இந்த நோயோடு மல்லுக்கட்டிய மூத்தவர்களே, வராந்தா பெஞ்சில் காத்திருந்த தாய்மார்களே, எல்லோருக்கும் இந்தப் பழைய பஸ் டிரைவரின் வணக்கம்.

இந்தப் பேச்சை நானே எழுதினேன். எழுதக் கற்றுச் சில மாதம்தான் ஆகிறது. எழுத்து ஆடும், ஆள் ஆடமாட்டேன். சிரியுங்கள், சிரியுங்கள்.

எனக்கு வந்தது நுரையீரல் புற்றுநோய். மூச்சில் முளைத்து முதுகெலும்பில் முகாம் போட்டது. எப்படிப் போனது? பக்கத்துச் செல்லைப் பிடித்திருந்த பிடியை விட்டது, ரத்தத்தில் ஏறியது, எலும்பில் இறங்கியது. டிக்கெட் எடுத்ததா? யாரையாவது கேட்டதா?

“வளர், வளர்” என்று செல்லை விரட்டும் ஒரு புரதம், அழுத்திய ஆக்சிலேட்டர் போல மாட்டிக்கொண்டது என்றார் டாக்டர் அம்மா. அதை அடக்க ஒரு மாத்திரை. அடக்கியது. இருமல் நின்றது. நான் மாடி ஏறினேன். “மாடி ஏறத் தெரியுதுல்ல, காயப்போட்ட துணியை எடுத்துட்டு வாங்க”ன்னாங்க எங்க வீட்டம்மா.

பிறகு மாத்திரை தோற்றது. அதே மாத்திரை, அதே வேளை, அதே தண்ணீர். ஏன் தோற்றது? மெயின் ரோட்டை மறித்தால் நான் பஸ்ஸை அணைத்துவிட்டா உட்காருவேன்? சந்தில் திருப்புவேன். செல்லும் திருப்பியது. எந்தச் சந்து? நோயைக் கண்டுபிடிக்க முதலில் குத்தியது போலவே மறுபடி ஊசி குத்தித் துளி சதை எடுத்தார்கள். சந்து தெரிந்தது. அதை மறிக்க வேறொரு மாத்திரை இருந்தது. இதோ, மூச்சு வாங்காமல் முழங்குகிறேன்.

இப்போது தாளை மடித்துப் பையில் வைக்கிறேன். இனி வருவது எழுதியது அல்ல.

மூன்றாம் வரிசையில் என் நண்பர் தையல்காரர் இருக்கிறார். அவருடைய மாத்திரையும் தோற்றுவிட்டது. நாளைக் காலை அவருக்கு இரண்டாவது ஊசி. வரமாட்டேன் என்கிறார். ஐயா, ஆயுள் முழுக்க ஊசியால் பிழைத்த உங்களுக்கா ஊசிப் பயம்?

என்ன? சத்தமாகச் சொல்லுங்கள்.

“குத்துனா பரவிடும்னு எங்க அண்ணி சொல்றாங்க, டிரைவர்.”

டாக்டர் அம்மா, நீங்களே சொல்லுங்கள்.

“ஊசியால பரவுறது ரொம்ப ரொம்ப அபூர்வம்யா. அதுவா பரவுறதுதான் எனக்குக் கவலை.”

கேட்டீர்களா? குத்தாவிட்டால் அது நிற்குமா? ஓடுகிறது ஐயா, நாம் பேசும்போதும் ஓடுகிறது. எந்தத் தெருவில் என்று தெரியாமல் எந்தத் தெருவை மறிப்பது? சந்து தெரிந்தால் கட்டாயம் மருந்து இருக்கும் என்று நான் சொல்லவில்லை. தெரியாவிட்டால் தேடவே வழியில்லை என்கிறேன்.

எழுந்துவிட்டார். வழிவிடுங்கள், பேசட்டும்.

“சரி, வரேன். காலையில நீ கூட வரணும். ஆனா வண்டியை வேற யாராவது ஓட்டட்டும்.”

கைதட்டலை அவருக்குக் கொடுங்கள். டாக்டர் அம்மா, ஊசியைத் தயாராக வையுங்கள். நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். பொறுத்துக் கேட்ட அத்தனை பேருக்கும் நன்றி, வணக்கம்.